பத்து மாதம் ஓட வேண்டிய பேட்டரி

உங்களிடம் யாராவது வந்து, "இந்த சிப் எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்று கேட்டால் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லியே நான் அலுவலகத்தில் கெட்ட பெயர் வாங்கினேன். "மேடத்திடம் மணி கேட்டால்கூட எந்தக் கடிகாரப்படி என்று திருப்பிக் கேட்பார்" என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்களாம். பேசட்டும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவளுக்குக் கெட்ட பெயரால் என்ன நஷ்டம்? ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எந்தப் புத்தகத்திலிருந்தும் அது வரவில்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில், ஒரு மனிதருக்கு வேலை போகுமா நிற்குமா என்று இருந்த ஒரு நாளில் வந்தது.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி. புதுச்சேரியில் எங்கள் கம்பெனி மிகச் சிறியது. புளூடூத் என்றால் அப்போது பிள்ளைகள் செல்போனிலிருந்து செல்போனுக்குப் பாட்டு அனுப்பிக்கொள்ளும் சமாச்சாரம். அதை வைத்துத் தொழிற்சாலைக்குள் கம்பி இழுக்காமல் சூட்டையும் ஈரப்பதத்தையும் அளக்கலாம் என்று எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், கெட்டிக்காரர், அவசரக்காரர். நாங்கள் கையடக்கமான ஒரு பெட்டி செய்தோம். உள்ளே ஒரு புளூடூத் சிப், ஓர் அளவுமானி, சாதாரண பென்சில் பேட்டரிகள். பெட்டி தூங்கும், சிறிது நேரத்துக்கு ஒருமுறை விழித்து அளவெடுத்து, பக்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும்.

விருத்தாசலத்தில் உள்ள செராமிக் எஸ்டேட், அந்தப் பீங்கான் தொழிற்பேட்டை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொம்மை செய்பவர்கள் ஒரு பக்கம், ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்பவர்கள் ஒரு பக்கம். எங்களுக்கு வாய்த்த வாடிக்கையாளர் பிலோமினா அம்மா இரண்டாவது வகை. ஐம்பதைத் தாண்டியவர், பட்டறையைத் தனியாளாக நடத்தினார். மண்ணில் வார்த்த சரக்கை ஈரத்தோடு சூளையில் வைக்க முடியாது. அதை மூடிய அறையில் வைத்து, ஃபேன் தள்ளும் வெதுவெதுப்பான காற்றில் நிதானமாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விழும். அந்த அறையை அங்கே டிரையர் என்பார்கள். அவரிடம் மூன்று டிரையர்கள் இருந்தன. மூன்றிலும் எங்கள் பெட்டியை இலவசமாக மாட்டிக்கொடுத்து, "சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

சோதனை அவருக்கு மட்டும் அல்ல, எங்களுக்கும்தான். சிப்புக்கு எப்படிச் சாப்பாடு போடுவது என்பதில் எங்களுக்குள் சண்டை. பேட்டரியை நேராகச் சிப்பில் இணைத்துவிடலாம் என்பது ஒரு கட்சி. இடையில் ஒரு ரெகுலேட்டர் வைத்து வோல்டேஜை நிலையாக்கிக் கொடுப்போம், மிஞ்சுவது சூடாகப் போனால் போகட்டும் என்பது இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சி கன்வெர்ட்டர்க்காரர்கள். கன்வெர்ட்டர் ஏறக்குறைய எதையும் வீணாக்காமல் மாற்றிக் கொடுக்கும். ஆனால் சிப் தூங்கும்போதும் தன் பங்குக்குக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூலி கேட்கிற ஆள் மாதிரி. மேசையில் வைத்து மூன்றையும் அளந்து கணக்குப் போட்டோம். எங்கள் பெட்டி பெரும்பாலும் தூங்குகிற ஜாதி. அதனால் நேரடி இணைப்புதான் அதிக நாள் தாங்கும், பத்து மாதம் என்று வந்தது. ரெகுலேட்டர் அதற்கு அடுத்தது, கன்வெர்ட்டர் கடைசி. கணக்கில் பிழை இல்லை. இன்று போட்டாலும் அதேதான் வரும்.

பிலோமினா அம்மாவின் முதல் டிரையரில் நேரடி இணைப்புப் பெட்டி, இரண்டாவதில் ரெகுலேட்டர், மூன்றாவதில் கன்வெர்ட்டர் என்று மாட்டினோம். "பத்து மாதம் பேட்டரியைத் தொடவே வேண்டாம்" என்று முதலாளி அவரிடம் சொன்னார். அதைத் துண்டறிக்கையிலும் பெரிய எழுத்தில் அச்சடித்துவிட்டார். நான் சம்பளத்துக்கு இருப்பவள், துண்டறிக்கையைப் பார்த்து முகம் சுளித்ததோடு சரி.

மூன்றாம் மாதம் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. முதல் டிரையரில் இருந்த ஈரச் சரக்கில் பாதிக்கு மேல் விரிசல். அந்த அறைப் பெட்டியின் பதிவு சனிக்கிழமை சாயங்காலத்தோடு நின்றுபோயிருந்தது. சனி இரவிலிருந்து ஞாயிறு முழுக்க டிரையர்களைப் பார்த்துக்கொண்டவர் ராசவேலு என்ற தொழிலாளி, பெண்ணாடத்துக்காரர். அவர் கதவைத் திறந்து போட்டுச் சரக்கைக் கெடுத்துவிட்டு, அது பதிவாகாமல் இருக்கப் பேட்டரியைக் கழற்றி, பிறகு அரைகுறையாக மாட்டி வைத்துவிட்டார் என்பது பிலோமினா அம்மாவின் முடிவு. வேலையை விட்டு நீக்குவதற்கு முன்னால், பெட்டி செய்தவர்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். என்னை அனுப்பினார்கள்.

உடைந்த பீங்கானைக் கொட்டி மேடாக்கிய பாதையில் நடந்து பட்டறைக்குப் போனேன். கேட்டுக்கு உள்ளே ஒரு மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர்தான் ராசவேலு. வேலைக்கு வா என்றும் சொல்லாமல் வராதே என்றும் சொல்லாமல் வைத்திருந்ததால், தினமும் பஸ் பிடித்து வந்து அங்கே உட்கார்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாராம்.

"நீங்கதான் பொட்டி மேடங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"நான் அதுல கையே வைக்கலைங்க. சத்தியமா வைக்கல." அவ்வளவுதான் சொன்னார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பிலோமினா அம்மா பொல்லாதவர் அல்ல. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நியாயமாக யோசிக்கிறவர் என்பதால்தான் எனக்குச் சிக்கல் அதிகமாயிற்று. மேசை மேல் இரண்டு பேட்டரிகளை வைத்தார். முதல் டிரையர்ப் பெட்டியிலிருந்து அவரே எடுத்து வைத்த பழைய பேட்டரிகள்.

"மேடம், நீங்க பத்து மாசம்னீங்க. மூணாம் மாசமே நின்னு போச்சு. சரி, செல்லு வீணாப் போச்சுன்னு வச்சுக்குவோம். ஆனா நான் இத எங்க வூட்டு டைம்பீஸ்ல போட்டுப் பாத்தேன், நல்லா ஓடுது. ஓடுற செல்லு பொட்டிக்குள்ள மட்டும் எப்படி நிக்கும்? யாராச்சும் கழட்டியிருந்தாத்தான நிக்கும்?"

நான் மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன். வோல்டேஜ் சுமாராகவே இருந்தது, செத்துப்போன பேட்டரி இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் நான் "ஆமாம்" என்று தலையாட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கும் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்திருக்கும்.

டார்ச் லைட் பல்பு ஒன்றை வாங்கிவரச் சொல்லி அந்தப் பேட்டரியில் இணைத்தேன். பல்பு எரிந்தவுடன் வோல்டேஜ் மளமளவென்று இறங்கியது. சும்மா இருக்கும்போது தேறினாற்போல் நிற்கும், சுமை ஏற்றினால் படுத்துவிடும். டைம்பீஸ் கேட்பது ஒரு துளி. சிப் பேச ஆரம்பித்தால் கேட்பது ஒரு வாளி. நேரடி இணைப்பில் இடையில் தாங்கிப்பிடிக்க யாரும் இல்லை. வோல்டேஜ் சரிந்தவுடன் சிப் அணைந்துவிடும். ஆகவே பேட்டரியை யாரும் கழற்றத் தேவையே இல்லை, பெட்டி தானாக நின்றிருக்கலாம் என்றேன்.

அவர் உடனே கேட்டார்: "அப்ப பழைய செல்ல மாத்திப் போட்டுட்டு நல்ல செல்ல எடுத்துக்கிட்டானா?"

கேள்வி சரியான கேள்வி. பத்து மாதம் தாங்க வேண்டிய பேட்டரி மூன்றாம் மாதத்தில் களைத்துக் கிடக்கிறது என்றால், ஒன்று எங்கள் எண் பொய், இல்லாவிட்டால் பேட்டரி வேறு. எங்கள் எண்ணைத்தான் அவர் நம்பினார். நாங்கள்தானே நம்பச் சொல்லியிருந்தோம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பெட்டியைப் பற்றிய சந்தேகத்தை அந்தப் பெட்டியையே உற்றுப் பார்த்துத் தீர்க்க முடியாது. நான் இரண்டாவது, மூன்றாவது டிரையர்களுக்குப் போனேன். அங்கே அந்த ஞாயிறு ஏறக்குறையக் காய்ந்த சரக்குதான் இருந்தது, விரிசல் எதுவும் இல்லை, பெட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிறு மதியம் கரண்ட் போய் வந்தது மட்டும், சூடு மாறிய விதத்தில், பதிவில் தெரிந்தது. அது எல்லா நாளும் நடப்பது. அந்தப் பெட்டிகளைத் தொட யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை. இரண்டிலிருந்தும் பேட்டரிகளை எடுத்து அதே பல்பைக் கட்டி அளந்தேன்.

ரெகுலேட்டர் பெட்டியின் பேட்டரி இன்னும் சில நாள்தான் தாங்கும் போலிருந்தது. கன்வெர்ட்டர் பெட்டியின் பேட்டரி, எங்கள் கணக்குப்படி முதலில் தீர்ந்துபோக வேண்டியது, மூன்றிலும் அதிகத் தெம்பாக இருந்தது.

நான் டிரையரின் வெக்கையில் நின்று அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரே ஒரு பெட்டி கணக்குக்கு மாறாகப் போயிருந்தால் யாரோ கைவைத்ததாகச் சொல்லலாம். இங்கே மூன்றுமே கணக்கைவிட வேகமாகக் கரைந்திருந்தன, வரிசையும் தலைகீழாக இருந்தது. கன்வெர்ட்டர் எப்போது ஜெயிக்கும்? சிப் தூங்காமல் ஓயாது வேலை செய்தால் ஜெயிக்கும். நேரடி இணைப்பு எப்போது முதலில் விழும்? அதே நிலைமையில்தான். மூன்று பெட்டிகளும் தூங்கவில்லை. மூன்று மாதமாகப் பெரும்பாலான நேரம் விழித்துக்கொண்டிருந்திருக்கின்றன. ராசவேலு மூன்று அறைகளிலும் பேட்டரியை மாற்றி, அதையும் எங்கள் மூன்று கட்சிகளின் சண்டையைப் புரிந்துகொண்டு மாற்றினார் என்றால்தான் வேறு விளக்கம் உண்டு.

ஏன் விழித்திருந்தன? எங்கள் பெட்டி தூங்காமல் இருக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். கம்ப்யூட்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை என்றால் அது கூப்பிடும், காத்திருக்கும், மறுபடி கூப்பிடும். அந்தக் கூப்பாட்டுக்கு ஆகிற செலவுதான் எல்லாவற்றிலும் பெரிது. அதற்காகவே கம்ப்யூட்டரை ஒருபோதும் அணைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தோம். மின்வெட்டு வரும் என்று தெரிந்து யுபிஎஸ்ஸும் வைத்துக் கொடுத்திருந்தோம்.

ஆபீசுக்கு வந்து கேட்டேன். "அம்மா, ராத்திரியில கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டுப் போவீங்களா?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீங்க சொன்ன நாளிலேருந்து அந்த பட்டன நான் தொட்டது கெடையாதுங்க. மாதா மேல ஆணையா. காலையில வர்றப்ப அது பாட்டுக்கு ஆன்லதான் இருக்குது. வேணும்னா நீங்களே பாத்துக்கங்க, ராத்திரி பூரா ரீடிங்கு இருக்குது."

பார்த்தேன். உண்மைதான். இரவு முழுவதும், ஞாயிறு முழுவதும், இடைவெளி இல்லாமல் அளவுகள் இருந்தன. முதல் டிரையரின் கடைசி ஞாயிறு மட்டும்தான் இல்லை. கம்ப்யூட்டர் கிடைக்காதபோது அளவுகளைப் பெட்டி தன்னிடமே சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு மொத்தமாக அனுப்பும்படி நாங்கள்தான் செய்திருந்தோம். பெருமையாகச் செய்த அந்த ஏற்பாடே இப்போது எனக்கு எதிராக நின்றது. பதிவைப் பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை.

மதியம் முதலாளி போன் செய்தார். வரிசை தலைகீழாக இருப்பதையும் அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன்.

"எதுக்கு மேடம் இழுத்துக்கிட்டு இருக்கீங்க? கம்ப்யூட்டர் ஆன்லதான் இருந்துச்சுன்னு அவங்களே சொல்றாங்க. அப்ப நம்ம கணக்கு சரி. செல்லு மாறியிருக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க. பத்து மாசத்த நம்பித்தான் கோயமுத்தூர்ல நூறு பொட்டி கேக்கறாங்க."

"மூணு ரூம்லயும் மாறியிருக்குதுன்னு எழுதவா?"

"உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு. அந்த ஆளு யாரு நமக்கு? அவங்க தொழிலாளி, அவங்க பாடு."

"எழுத மாட்டேன் சார்."

"என்ன தெரிஞ்சா எழுதுவீங்க?"

"மூணும் ஏன் முழிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு தெரியணும்."

"சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல நானே அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்," என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. முதலாளியைப் பார்த்து அல்ல. காரணம் தெரியாமல் நிற்கும்போது, கைக்கு எட்டிய வசதியான காரணத்தை மனம் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிடும். நாலு மணிவாக்கில் எனக்கே, "ஒருவேளை அந்த ஆள் மூன்று அறையிலும் விளையாடியிருப்பாரோ" என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. நீங்களும் அந்த நாலு மணிக்கு ஒரு நாள் வந்து சேருவீர்கள். அப்போது புதிதாக எதையும் முடிவு செய்யாதீர்கள். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். நான் வேறு எதுவும் தோன்றாமல்தான் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வேலையாட்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். ராசவேலு மட்டும் மரத்தடியில் இருந்தார். பிலோமினா அம்மா மேசையை ஒதுக்கினார்.

"சரிங்க மேடம். உங்களாலயும் தீர்மானமா ஒண்ணும் சொல்ல முடியல. நீங்க பஸ்ஸுக்குக் கெளம்புங்க. அவன் கணக்க முடிச்சுடறேன். ரொம்ப நாளா இருக்கறவன், எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா பொய் சொல்றவன நம்பி சரக்க எப்படி வுட்டுட்டுப் போறது?"

ஜன்னலைச் சாத்தினார். சுவரில் இருந்த வேளாங்கண்ணி மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். கைப்பையை மாட்டினார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்விட்ச் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, கைக்குட்டையில் சுற்றி, பைக்குள் போட்டுக்கொண்டார்.

அறை இருண்டது. மேசைக்கு அடியில் யுபிஎஸ் கீகீ என்று கத்தத் தொடங்கியது.

நான் குனிந்து அதைப் பார்த்தேன். அவர் சாவியோடு எனக்காகக் காத்திருந்தார். "அது கொஞ்ச நேரம் அப்படித்தான் கத்தும், அப்பறம் தானா ஓஞ்சுடும். வாங்க," என்றார்.

"அம்மா, தெனமும் இத எடுத்துடுவீங்களா?"

"பின்ன? எஸ்டேட்ல எல்லாரும் அப்படித்தான். முன்ன ஒரு ஆபீசு ஒயரு பத்திக்கிட்டு எரிஞ்சு போச்சு. அதுலேருந்து கடைசியா பூட்டறவங்க பீஸ் கட்டைய எடுத்துக்கிட்டுத்தான் வூட்டுக்குப் போவோம். நாங்க செய்யற கட்டை, எங்களுக்குத் தெரியாதா அதோட அருமை?" என்று சிரித்தார்.

"சனிக்கிழமை எடுத்தா?"

"ஞாயித்துக்கெழம பூசை, ஆபீசு லீவு. திங்கக்கெழம காலையில வந்துதான் போடுவேன். டிரையருக்கு, சூளைக்கெல்லாம் தனி லைனு, அத யாரும் தொட மாட்டோம்."

"அப்ப கம்ப்யூட்டர்?"

"கம்ப்யூட்டரத்தான் நான் தொடவே இல்லையே," என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. காலையில் கட்டையைப் போட்டதும் கம்ப்யூட்டர் தானாக எழுந்துவிடும்படி நாங்கள்தான் அமைத்துக் கொடுத்திருந்தோம். விளக்கைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அவர் மேசைக்கு வருவதற்குள் அது விழித்து, பெட்டிகள் சேர்த்து வைத்ததையெல்லாம் வாங்கி வரிசையாக அடுக்கிவிடும். மின்வெட்டை யோசித்த நாங்கள், ஃபியூஸ் செய்கிறவர் ஃபியூஸைக் கையோடு எடுத்துப் போவார் என்பதை யோசிக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து யாரும் அதை யோசித்திருக்கவும் முடியாது. நீங்கள் கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க, அதாவது பூட்டுகிற வரைக்கும், அந்த இடத்தில் இருந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த இருட்டிலேயே நின்று அவருக்கு விளக்கினேன். யுபிஎஸ் ஓய்ந்ததும் கம்ப்யூட்டர் போய்விடும். மூன்று அறைகளிலும் பெட்டிகள் விடிய விடிய அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சனி இரவும் ஞாயிறு பகலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். முதல் அறைப் பெட்டி அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அந்த ஞாயிறு நின்றுபோனது, அது சேர்த்து வைத்ததும் அதோடு போனது.

அவர் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்ப அவன் கழட்டல?"

"இல்லைங்க."

"மாத்தவும் இல்ல?"

"இல்லைங்க. யாரும் கைவைக்கல."

முதலாளி விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். அன்று சாயங்காலமே போன் செய்து, பத்து மாதம் என்பதைத் துண்டறிக்கையிலிருந்து எடுக்க வேண்டும், கம்ப்யூட்டர் அணைந்தால் பெட்டி சீக்கிரம் அலுத்துப்போய்த் தூங்கும்படி மாற்ற வேண்டும் என்றேன். "நல்லாப் போய் நம்ம தலையிலயே மண்ணப் போட்டுட்டு வரீங்க," என்றார். கோயமுத்தூர் ஆர்டர் கைவிட்டுப் போனது. ஒரு மாதம் என்னோடு அவர் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினார். பெட்டியையும் மாற்றினோம். எனக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

பிலோமினா அம்மா வாசலில் நின்று ராசவேலுவைக் கூப்பிட்டார். அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கடைசி வார்த்தையைக் கேட்க வருகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"வேலு, பேட்டரிய நீ தொடலைன்னு மேடம் சொல்றாங்க. அது தானா நின்னுருக்குது. நான் பண்ணதாலதான் நின்னுருக்குது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் இளகவில்லை. பிலோமினா அம்மா பக்கம் திரும்பிச் சொன்னார்.

"கதவ நான்தாங்க தொறந்தேன்."

பிலோமினா அம்மா கைப்பையைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் கரண்ட்டு போயிடுச்சு. ஃபேனு நின்னு போச்சு. உள்ள ஒரே புழுக்கம். மேல ஷீட்டுல தண்ணி கோத்துக்கிட்டு சரக்கு மேல சொட்ட ஆரம்பிச்சுடுச்சு. வுட்டா மொத்தமும் கரைஞ்சுடும்னு ரெண்டு கதவையும் தொறந்துட்டேங்க. வெளிய அனல் காத்து. கதவோரம் இருந்ததெல்லாம் வெடிச்சுடுச்சு. பின்னாடி இருந்தது பொழச்சுது. மூடியே வச்சிருந்தா எதுவுமே பொழச்சிருக்காதுன்னு நெனச்சேன். தப்பாவும் இருக்கலாம்."

"இத திங்கக்கெழமையே சொல்றதுக்கு என்னடா?" பிலோமினா அம்மா ஓர் அடி முன்னால் வந்தார். "நான் வந்தவொடனே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லத்தாங்க காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வந்ததும் பொட்டி ஏன் நின்னுச்சுன்னு கேட்டீங்க. பத்து மாசம் ஓடற செல்லு, நீதான் கழட்டுனன்னீங்க. கதவ தொறந்தேன்னு சொன்னா, அப்ப செல்ல கழட்டுனதும் நீதான்னு ஆயிடும். செய்யாதத எப்படி ஒத்துக்கறது? அதான் ரெண்டுமே இல்லன்னுட்டேங்க."

செய்யாத ஒன்றுக்கு ஒருவர் பழி சுமந்தார், அதை நீக்கியாயிற்று என்றுதான் அதுவரை எனக்குத் திருப்தி. சொல்ல வேண்டியதைச் சொல்லக் காத்திருந்த மனிதரின் வாயையும் நாங்கள் அச்சடித்த அந்தப் பத்து மாதம்தான் அடைத்து வைத்திருந்தது. அதை எந்த மீட்டரிலும் நான் அளந்திருக்க முடியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பிலோமினா அம்மா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி எந்தப் பக்கம் சொட்டுச்சு?"

"வடக்கால ஷீட்டுங்க. மூலையில."

"வா, காட்டு," என்று டிரையரைப் பார்த்து நடந்தார். ராசவேலு ஓடிப்போய் அவருக்கு முன்னால் கதவைத் திறந்தார்.